நுழைவுச்சீட்டின் உரிமை: சுயேச்சையான திரை விமர்சனத் தளம் எதற்காக, எவ்வாறு?

1992ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘தேவர் மகன்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, திரைக்கதை எனப் பல கோணங்களில் அது அலசப்பட்டு, தமிழின் சாதனைப் படங்களுள் ஒன்றாக நிலைபெற்றது. 2023 ஜூன் மாதம் ‘மாமன்னன்’ படத்தின் பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அப்படம் தமக்குள் ஏற்படுத்திய வலியை இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். அதன் பிறகே வெகுமக்கள் ஊடகங்களில் அது பெரும் விவாதமாயிற்று. இடையில் கடந்தவை 31 ஆண்டுகள்.

அந்த வலி 2023இல் தோன்றியதன்று. படம் ஓடிய நாளிலேயே அது இருந்தது. சிறுபத்திரிகைகளிலும் இயக்கக் கூட்டங்களிலும் பேசப்பட்டும் வந்தது. ஆனால் ஒரு படத்தை மதிப்பிட்டு ஊருக்குச் சொல்லும் அதிகாரம் பெற்ற பக்கங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை. சினிமாவின் மீது தீராத காதல் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து, சுயேச்சையான திரை விமர்சனத் தளம் ஒன்றை நடத்தி வருவதற்கு இந்த இடைவெளியே காரணம். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் வங்கி ஊழியர், இருவர் சட்டம் பயில்வோர். அத்தளம் எவ்வாறு இயங்குகிறது, எவற்றை எதிர்கொள்கிறது, ஒடுக்கப்பட்டோர் தரப்பில் அத்தகைய தளங்கள் ஏன் பெருக வேண்டும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

விமர்சகர் யாருடைய விருந்தினர்?

ஒரு பெரிய படம் வெளியாகும்போது பத்திரிகையாளர் காட்சிக்கு யாரை அழைப்பது என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் மக்கள் தொடர்பாளர் முடிவு செய்கிறார். நடிகரின் நேர்காணல் யாருக்குக் கிடைக்கும், விளம்பரம் யாருக்குச் செல்லும் என்பதிலும் அவருக்குப் பங்குண்டு. விமர்சனம் எழுதும் ஊடகத்தின் வருவாய், விமர்சிக்கப்படும் துறையிடமிருந்தே வருகிறது. இந்த ஏற்பாட்டில் எவரும் எவரையும் மிரட்ட வேண்டியதில்லை. கடுமையாக எழுதுபவருக்கு அடுத்த அழைப்பு தாமதமாகும். பிறகு நின்றுபோகும். அது தெரிந்தவர்களின் எழுத்து தானாகவே மென்மையடைந்துவிடும்.

எனவே எங்கள் முதல் விதி, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பது. சென்னையின் மல்டிபிளக்ஸ் அரங்கில் ஒரு சீட்டு ஏறத்தாழ 190 ரூபாய். இணையத்தில் பதிவு செய்தால் அதற்குத் தனிக் கட்டணம். மாதத்துக்கு நான்கைந்து படங்கள் என்றால் மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்கு அது சிறு தொகையன்று. அதனால் எல்லோரும் எல்லாப் படங்களையும் பார்ப்பதில்லை. ஒருவர் முதலில் பார்த்து, எழுதத்தக்கது என்று சொன்னால் இன்னொருவர் வேறோர் ஊரில் வேறோர் அரங்கில் பார்க்கிறார். மாவட்டத் தலைநகரின் ஒற்றைத்திரை அரங்கில் கைதட்டல் எழும் இடமும் சென்னை மல்டிபிளக்ஸில் கைதட்டல் எழும் இடமும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடே சில கட்டுரைகளுக்குத் தொடக்கப் புள்ளியாக அமைந்திருக்கிறது.

சீட்டு வாங்கினாலும் இருக்கை உறுதியில்லை என்பதையும் நாம் அறிவோம். 2023 மார்ச் மாதம், ‘பத்து தல’ படம் வெளியான நாளில், சென்னைத் திரையரங்கு ஒன்றில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். காணொளி பரவிக் கண்டனம் எழுந்தது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ் இருந்ததும் அவர்களுடன் குழந்தைகள் இருந்ததுமே காரணம் என்று அரங்கத் தரப்பு விளக்கியது. பெற்றோருடன் வரும் குழந்தைகளை அச்சான்றிதழ் தடுப்பதில்லை. ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது அதை யார் பார்க்க அனுமதிக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நாங்கள் கருதுவதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

மூன்று நாள் தடை எனும் கோரிக்கை

2024 நவம்பரில் ‘கங்குவா’ படத்துக்கு வந்த கடும் விமர்சனங்களைத் தொடர்ந்து, திரையரங்க வளாகங்களில் ரசிகர்களின் கருத்தைப் படம்பிடிக்க அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு கோரியது. அடுத்த மாதமே, படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கருத்துரிமையைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

பணம் வாங்கிக்கொண்டு புகழ்வதும், பணம் தராததால் இகழ்வதும் இணையத்தில் நடப்பது உண்மையே. அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மூன்று நாள் தடை யாரைப் பாதிக்கும் என்று பார்க்க வேண்டும். பெரிய நட்சத்திரத்தின் படம் முதல் மூன்று நாட்களின் வசூலை முன்பதிவிலேயே பெருமளவு ஈட்டிவிடும். சிறிய படத்துக்கோ அந்த மூன்று நாட்களே வாழ்நாள். வெள்ளியன்று சில காட்சிகள் கிடைக்கும். கூட்டம் சேரவில்லையென்றால் திங்களன்று அவையும் பறிபோகும். விளம்பரத்துக்குப் பணமில்லாத படத்தைப் பிழைக்கவைப்பது, பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லும் சொல் மட்டுமே. அதைத் தடை செய்தால் முதலில் மறைவது சிறிய படம்தான்.

எனவே எங்கள் நடைமுறை இது: சிறிய படங்களுக்கு முதல் நாளே சுருக்கமான அறிமுகம், பெரிய படங்களுக்கு ஒரு வாரம் கழித்து விரிவான கட்டுரை, எதற்கும் மதிப்பெண் கிடையாது. பெரிய படங்களைப் பொறுத்தவரை மூன்று நாள் தடை எங்களைத் தொடக்கூடப் போவதில்லை. ஆயினும் நாங்கள் அதை எதிர்க்கிறோம். இன்று 3 நாள் என்று ஒப்புக்கொண்டால் நாளை 10 நாள் என்று கேட்கப்படும்போது மறுக்க அடிப்படை இருக்காது.

எதைப் பார்க்கிறோம்?

எங்களுக்கென்று எழுதிவைத்த கேள்விகள் சில உண்டு. கதைமாந்தரின் சாதி சொல்லப்படுகிறதா, அல்லது பட்டப்பெயர், தெய்வம், வீட்டு அமைப்பு, உணவு ஆகியவற்றின் வழியே குறிப்பாக உணர்த்தப்படுகிறதா? உழைப்பு திரையில் தெரிகிறதா? பெருமைக்குரியதாகக் காட்டப்படும் ஊர் எத்தெருவோடு முடிகிறது? வன்முறைக்கு ஆளானவர் பேசுகிறாரா, அவருக்காக வேறொருவர் பேசுகிறாரா?

இக்கேள்விகளுக்குத் திரைமொழியறிவு மட்டும் போதாது. ‘அசுரன்’ (2019) பூமணியின் ‘வெக்கை’ நாவலைத் தழுவியது. அதன் பின்கதையில் பஞ்சமி நிலப் போராட்டம் வருகிறது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது, அதன் பின்னும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. இவ்வரலாற்றை அறியாத விமர்சகருக்கு அப்படம் இரு குடும்பங்களின் பகைக்கதையாகவும் தந்தையொருவரின் வீரக்கதையாகவும் மட்டுமே தெரியும். அறிந்தவருக்கோ, அரசாணையால் கிடைத்த நிலம் எவ்வாறு அரிவாளால் பறிபோகிறது என்ற கதையாகத் தெரியும். படம் ஒன்றே. எழுதுபவரின் வாசிப்புக்கேற்ப வாசகரைச் சென்றடையும் படம் வேறாகிவிடுகிறது.

இவ்வாசிப்பு முறை சினிமாவோடு பிறந்ததன்று. நந்தனார் கதை 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் பக்திப் படமாக எடுக்கப்பட்டது. ஆனால் அப்படங்களுக்கு முன்பே, நந்தனைப் பக்தனாக மட்டும் சொல்லும் கதையை ஏற்காமல் அவனை மன்னனாக வாசித்துக் காட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். நமக்குச் சொல்லப்படும் கதையை நம் பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லிப் பார்ப்பது என்ற அந்த மரபையே திரை விமர்சனத்திலும் தொடர்கிறோம்.

மாறிக்கொண்டே இருக்கும் படம்

முன்பெல்லாம் வெளியான படம் வெளியானபடி நின்றது. இன்று ஓடிடி தளத்தில் இருக்கும் படத்தை ஓரிரவில் மாற்றிவிட முடியும். பழைய வடிவம் பார்வையாளருக்குக் கிடைக்காது.

‘கர்ணன்’ (2021) வெளியானபோது திரையில் தோன்றிய காலக் குறிப்பு சர்ச்சைக்குள்ளானது. படம் நினைவூட்டும் கொடியங்குளம் தாக்குதல் நடந்தது 1995 ஆகஸ்ட் 31இல். 1996இல் ஆட்சி மாறியது. ஆகவே படம் குறிப்பிடும் ஆண்டு சற்று நகர்ந்தாலும், வன்முறைக்குப் பொறுப்பான ஆட்சி எது என்பதே மாறிவிடும். விமர்சனம் எழுந்தபின் அக்குறிப்பு மாற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஓடிடியில் வெளியான ‘ஜெய் பீம்’ படத்தில், காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படம் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டு வேறு படம் சேர்க்கப்பட்டது. இன்று இவ்விரு படங்களையும் முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, முன்பு என்ன இருந்தது, யார் கோரி எது மாறியது என்பது தெரிய வழியில்லை. அன்றே எழுதிவைத்த விமர்சனமே அதற்குச் சான்று.

தணிக்கையின் கத்தரிப்பும் அவ்வாறே. ஜோதிராவ், சாவித்ரிபாய் இணையரின் வாழ்வைச் சொல்லும் ‘ஃபுலே’ (2025) இந்திப் படத்தில் ‘மஹார்’, ‘மாங்’, ‘பேஷ்வாய்’ ஆகிய சொற்களை நீக்கச் சொன்னது தணிக்கை வாரியம். சாதியை எதிர்த்தவரின் கதையில் சாதிகளின் பெயர் கூடாது என்றாயிற்று. ஏப்ரல் 11இல் வர வேண்டிய படம் 25ஆம் தேதிதான் வந்தது. ஜப்பார் படேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ 2000ஆம் ஆண்டுப் படம். அதன் தமிழ் வடிவம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு 2010 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அம்பேத்கராக நடித்த மம்மூட்டி தேசிய விருது பெற்ற படத்தின் நிலையே இது. வெட்டப்பட்டவை, தாமதிக்கப்பட்டவை, வெளியாகாதவை ஆகியவற்றுக்கென எங்கள் தளத்தில் தனிப் பகுதி வைத்திருக்கிறோம். அதிகம் படிக்கப்படாத பகுதியும் அதுவே. என்றாலும் ஆய்வு மாணவர்கள் எங்களுக்கு எழுதிக் கேட்பது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

பதிவில்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு பி.கே. ரோசி எடுத்துக்காட்டு. மலையாளத்தின் முதல் கதாநாயகியான அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். ‘விகதகுமாரன்’ என்ற பேசாப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக ஆதிக்கச் சாதியினரால் விரட்டப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்து, பெயர் வெளித் தெரியாமலே வாழ்ந்து மறைந்தார். அப்படத்தின் பிரதி இன்று இல்லை. அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பவை பிற்காலத்தில் திரட்டப்பட்ட நினைவுகளே.

நம் படங்களை எவ்வாறு விமர்சிப்பது?

எங்களுக்குள் அதிக வாக்குவாதம் நடப்பது இக்கேள்வியில்தான். பல்லாண்டு காத்திருந்து கிடைத்த படங்கள் இவை. ‘அட்டகத்தி’ (2012), ‘மெட்ராஸ்’ (2014), ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகியவை வந்தபோது, எங்கள் தெருவும் எங்கள் வீடும் முதன்முறையாக இழிவின்றித் திரையில் தெரிந்தன. அவற்றில் குறை சொன்னால், அக்குறையை எதிர்த்தரப்பு எடுத்தாளும். சொல்லாவிட்டால், நாங்களும் விருந்தினர்களாகிவிடுவோம்.

‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இறுதிக் காட்சியில் இரு தேநீர்க் குவளைகள் அருகருகே நிற்கின்றன. தமிழ் சினிமாவின் தலைசிறந்த காட்சிகளுள் அது ஒன்று என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் தன் குடும்பத்தார் பரியனுக்கு இழைத்த கொடுமையைக் கடைசிவரை ஜோ அறிவதில்லை. ஆதிக்கச் சாதிப் பெண்ணின் வெள்ளந்தித்தனம் அவளது அறியாமையால் காப்பாற்றப்படுகிறது. உண்மையைச் சுமக்கும் வேலையும் அதை அவளிடமிருந்து மறைக்கும் வேலையும் பரியன் தலையிலேயே விழுகின்றன. இதைச் சொல்வதால் படம் சிறுத்துவிடாது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படத்தில் ரெனே என்ற தலித் பெண் தன் அரசியலைத் தானே பேசுகிறாள். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதே, அந்த நான்காண்டுகளில் சாதி எதிர்ப்புத் திரைப்படம் பெண்ணைக் காட்டும் விதத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்குகிறது.

‘ஜெய் பீம்’ எழுப்பிய கேள்வி வேறு வகையானது. அப்படம் 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் கொலையை அடிப்படையாகக் கொண்டது. கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியது. இருளர் மக்கள் படும் துன்பம் உண்மையானது, அதைத் திரைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பணி. எனினும் நீதிக்காகப் பல்லாண்டு போராடிய ஒரு சமூகத்தின் பெயர் அதன் சொந்தக் கதையிலிருந்தே நீங்கியது. ஒடுக்கப்பட்டோரிலும் அதிகம் ஒடுக்கப்பட்டோர் உண்டு. அவர்களின் குறையை நாம் கேட்க மறுத்தால், நம் குறையைக் கேட்க மறுத்தவர்களைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு இராது.

பலமுறை விவாதித்து நாங்கள் வந்தடைந்த முடிவு எளிது. கேள்விகள் எல்லாப் படங்களுக்கும் ஒன்றே. நம் இயக்குநர்களின் படங்களுக்கு அதிக இடமும் அதிக உழைப்பும் தருவோம், சலுகை தர மாட்டோம். படைப்பாளர் மறுமொழி எழுதினால் அதையும் அதே அளவு இடம் தந்து வெளியிடுவோம்.

சட்டம் எவ்வளவு துணை?

இத்தகைய தளம் தொடங்க விரும்புவோர் அறிய வேண்டியவை சில. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(அ)வில், விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு முன்வைக்கப்பட்ட படைப்பின் தரம் குறித்து நல்லெண்ணத்துடன் சொல்லும் கருத்துக்கு விலக்கு அளிக்கிறது. படைப்பைப் பற்றி எழுதும்வரை இவ்விலக்கு காக்கும். படைப்பாளரின் தனிவாழ்வுக்குள் நுழைந்தால் காக்காது.

நடைமுறை இவ்வளவு எளிதாக இல்லை. ஒரு காட்சியை ஆராய்ந்து நாங்கள் வெளியிட்ட காணொளியில் இருந்த சில நொடித் துணுக்குக்காக, ஒரு தயாரிப்பு நிறுவனம் பதிப்புரிமைப் புகார் அளித்தது. 90 நாட்களுக்குள் இத்தகைய மூன்று புகார்கள் நிலைத்தால் யூடியூப் கணக்கையே முடக்கிவிடும். எதிர்மனு அளிக்கலாம். புகார் தந்தவர் குறித்த காலத்துக்குள் நீதிமன்றம் செல்லாவிட்டால் காணொளி திரும்ப வரும். எங்களுடையதும் வந்தது. ஆனால் அதற்குள் படம் திரையரங்கை விட்டே போயிருந்தது. அதன் பிறகு காணொளியைக் குறைத்து எழுத்தையே முதன்மையாக்கினோம். எழுத்தை எந்திரம் அவ்வளவு எளிதில் முடக்குவதில்லை.

சாதி சொல்லித் திட்டி வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் நிகழும் இழிவுக்கும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு முன்பிணை வழக்கில் கூறியுள்ளது. வரும் ஒவ்வொரு மிரட்டலையும் நாள், நேரத்தோடு படமெடுத்துச் சேமித்துவைப்பது எங்கள் அன்றாட வேலைகளுள் ஒன்று. பெண்கள் பெயரில் வெளிவரும் கட்டுரைகளுக்கு வரும் வசை இருமடங்கு கொடியது என்பதால், அவர்களுக்கு வரும் செய்திகளை முதலில் இன்னொருவர் படித்துப் பிரித்துத் தருகிறார்.

பணமும் தொடர்ச்சியும்

இணைய முகவரிக்கும் சர்வருக்கும் ஆகும் செலவு பெரிதன்று. பெரிய செலவு நேரம். ஒரு படத்தை இரண்டு முறை பார்த்து, தரவுகளைச் சரிபார்த்து, இருவர் படித்துத் திருத்தி வெளியிட ஒரு வாரத்தின் மாலைகள் கரைந்துவிடும். திரைத்துறையின் விளம்பரத்தை நாங்கள் ஏற்பதில்லை. வாசகர் நன்கொடையும் எங்கள் சம்பளமுமே முதல்.

இது புதிய வழியன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய வார இதழின் விலையே அதன் பெயரானது: ‘ஒரு பைசாத் தமிழன்’. அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, ‘கேசரி’ ஏடு கட்டணம் பெற்றுக்கொண்டுகூட அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. கோலாப்பூர் சாகு மகாராஜா தந்த 2,500 ரூபாய் அவ்விதழுக்குக் கைகொடுத்தது. பிறர் பக்கங்களில் இடம் கேட்டுக் காத்திராமல் சொந்தப் பக்கத்தை உருவாக்கிக்கொண்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

ஒரு தளம் போதாது. சென்னையிலிருந்து எழுதும் எங்களுக்குத் திருநெல்வேலியின் அரங்கில் என்ன நடக்கிறது என்பது முழுதாகத் தெரியாது. தூய்மைப் பணியாளர் ஒருவர் ‘விட்னஸ்’ படத்தை எப்படிப் பார்த்தார், இருளர் குடியிருப்பில் ‘ஜெய் பீம்’ எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை அங்கிருப்பவர்தாம் எழுத முடியும். அதற்குப் பெரிய தயாரிப்பு எதுவும் வேண்டாம். படத்தின் பெயர், பார்த்த நாள், பார்த்த அரங்கு, எந்தக் காட்சியில் யார் சிரித்தார்கள், எந்தக் காட்சியில் யார் எழுந்து வெளியே போனார்கள் என்று நான்கு வரி எழுதிவைத்தால் போதும். ‘தேவர் மகன்’ ஓடிய 1992ஆம் ஆண்டிலிருந்து அப்படி எழுதப்பட்ட நூறு குறிப்பேடுகள் நம்மிடம் இருந்திருந்தால், இந்த விவாதம் 2023வரை காத்திருந்திருக்காது.